மெருகும் மெழுகும்

மெருகு, மெழுகு என்னும் இரண்டிற்கும் ஓரெழுத்தே வேற்றுமை. மோட்டார் சைக்கிளின் வர்ணத்துக்கோ அவ்வேற்றுமை பெரிது.

என் மாணாக்கர் சிலர் கிழமைதோறும் தம் வண்டிக்கு மெருகிடக் காண்கிறேன். மெருகுக் குழம்பில் நுண்ணிய அராவுதுகள் உண்டு. அது வர்ணத்தின் மேற்படலத்தைத் தேய்த்தே கீறல்களைப் போக்குகிறது. தேய்ந்த படலம் மீளாது. ஆதலின் மெருகிடல் அரிதாகவே ஆகும்.

மெழுகு தேய்ப்பதன்று, படர்ந்து காப்பது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னோபாப் பனை, வரட்சியில் தன் ஈரம் போகாதிருக்க ஓலைமேற் சுரக்கும் மெழுகு இதற்குப் பெயர்போனது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். இஃது 80 பாகை கடந்தே உருகும். வெயிலிற் சுடும் பெற்றோல் தாங்கிக்கு எது ஏற்றதென்று சொல்லவும் வேண்டுமோ?

பாத்திரங் கழுவும் திரவம் அழுக்கோடு மெழுகையும் நீக்கிவிடும். வாகனங் கழுவுவதற்கென்றே செய்த சவர்க்காரத் திரவத்தை வாங்குக. முதலில் நீரூற்றித் தூசியைப் போக்குக. உலர்ந்த துணி கொண்டு துடைப்பின், ஒட்டிய மணலே வர்ணத்தைக் கீறும். பின்னர் நிழலில் நிறுத்தி, தாங்கி குளிர்ந்தபின் மெழுகை மெல்லெனப் பூசுக. மினுக்கமற்ற வர்ணத்துக்கு இவ்விரண்டும் ஆகா.

கடையிற் பேணியைக் கையிலெடுத்தால், அது தேய்ப்பதோ காப்பதோ என்று வாசித்தறிந்த பின்னரே பணங் கொடுங்கள்.