சுடாத தோட்டா சொல்லும் சேதி

1967 ஜனவரி 12 அன்று சென்னை ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஜி.ஆரை சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார். குண்டு காதோரம் புகுந்து கழுத்தில் தங்கியது. அடுத்து ராதா தன்னையே சுட்டுக்கொண்டார். அருகிலிருந்து சுட்டும் இருவரும் உயிர் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் படுக்கையில் இருக்கும் படம் தமிழர்கள் வாழும் ஊர்களுக்கெல்லாம் போனது. தெய்வச் செயல் என்றார்கள். கூடவே ஓர் அறிவியல் காரணமும் இருந்தது.

அதைச் சொன்னவர் தடயவியல் அறிஞர் பி.சந்திரசேகரன். பின்னாளில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இடுப்பில் கட்டிய வெடிகுண்டின் வடிவத்தைத் துணுக்குகளிலிருந்து மீட்டுக் காட்டியவர் இவர்தான். ராதாவின் தோட்டாக்கள் பழையவை. மேசை இழுப்பறையில் ஒரு டப்பாவுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தவை. இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் உருண்டு, ஒன்றோடொன்று உரசி, அவற்றின் கட்டுக்கோப்பு தளர்ந்து, குண்டுக்குக் கிடைக்க வேண்டிய வேகம் கிடைக்காமல் போனது என்பது அவருடைய விளக்கம்.

விரல் நீளம்கூட இல்லாத பித்தளைக் கூட்டுக்குள் இத்தனை நுணுக்கம் இருக்கிறது. வெடிக்காத தோட்டாவையும் அரைகுறையாக வெடித்த தோட்டாவையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு தனிக் கலை. அந்தக் கலையின் முதல் பாடம், கண்ணில் படும் முதல் காரணத்தை நம்பாதே என்பது.

நடுவில் ஒரு சின்னக் கிண்ணம்

தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் வாயில் செருகிய குண்டு, உள்ளே மருந்து, அடிப்பாகத்தின் நடுவில் பிரைமர். இக்காலத்துப் புகையற்ற மருந்தைத் திறந்த வெளியில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதற்கு வேகம் தருவது அழுத்தம். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட அழுத்தம் இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழற்சி பிடித்துக்கொள்ளும்வரை குண்டு நகராமல் இருக்க வேண்டும். கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருப்பது அதற்காகவும்தான். பிடி தளர்ந்தால் குண்டு முந்திக்கொண்டு கிளம்பிவிடும், அழுத்தம் ஏறாது, மருந்தும் முழுதாக எரியாது. பழைய தோட்டாக்கள் வலுவிழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மருந்துக்குத் தீ வைப்பது பிரைமர். பெரிய ரைபிள் தோட்டாவில் அதன் குறுக்களவு 5.3 மில்லிமீட்டர், சிறியதில் 4.4 மில்லிமீட்டர் அளவு. மெல்லிய உலோகக் கிண்ணம்; அதற்குள் சில பத்து மில்லிகிராம் வெடிகலவை; அதன்மேல் மூன்று கால் வைத்த குட்டிப் பட்டறைக்கல். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டறைக்கல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. படிகங்கள் உரசும் இடங்களில் நுண்ணிய சூட்டுப்புள்ளிகள் பிறக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் தீ, கூட்டின் அடியில் உள்ள சுமார் 2 மில்லிமீட்டர் துளை வழியே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. தீபாவளித் துப்பாக்கியில் போட்டுச் சுடும் சுருள் கேப்பிலும் அடிபட்டு நசுங்கும் மருந்துதான் வெடிக்கிறது. பிரைமரில் அந்த அடியின் ஆழமும் திசையும் துல்லியமாக அமைய வேண்டும் என்பதே வேறுபாடு.

பாதிரியாரின் வேட்டையிலிருந்து

அடித்தால் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட்டை 1800இல் உலகுக்குச் சொன்னவர் ஆங்கில வேதியியலார் எட்வர்டு ஹோவர்டு. அடித்து வெடிக்கச் செய்வதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பொறி பறந்து, கிண்ணியில் மருந்து பற்றி, பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த ஒளியைப் பார்த்ததும் அவர் வேட்டையில் குறிவைத்த பறவைகள் தப்பிவிடும். தாமதத்தை ஒழிக்கப் பாதிரியார் கண்ட வழிக்கு 1807இல் காப்புரிமை கிடைத்தது.

இன்றைய வடிவம் 1866ஐ ஒட்டி வந்தது. இங்கிலாந்தின் எட்வர்டு பாக்ஸர், பட்டறைக்கல்லைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். கூட்டில் நடுவில் ஒரே துளை. அமெரிக்காவின் ஹைரம் பெர்டான், பட்டறைக்கல்லைக் கூட்டின் பகுதியாகவே ஆக்கினார். பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். பாக்ஸர் வடிவத்தில், சுட்ட பிரைமரை ஒரு கம்பியால் உள்ளிருந்து நேராகத் தள்ளி வெளியே எடுத்துவிடலாம். பித்தளைக் கூடு மறுபடியும் பயன்படும். ஆங்கிலேயரின் இந்த வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் வடிவம் ஐரோப்பாவுக்குப் போனது. சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பிச் சுடும் பழக்கம் அமெரிக்காவில் ஆழமாக வேர்விட்டதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

நம் ஊர்க் காற்றும் உப்பும்

பாதரசத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெடித்தபின் அது பித்தளைக்குள் ஊடுருவிக் கூட்டை நொறுங்கக் கூடியதாக்கிவிடும். அதனால் படிப்படியாக வேறு கலவைகளுக்கு மாறினார்கள். பல கலவைகளில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் துப்பாக்கிக் குழலுக்குள் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையலுப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம்.

நான் வாழும் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நாள் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இரவிலும் மழைக்குப் பின்னும் 90ஐத் தாண்டும். பொட்டாசியம் குளோரைடு ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக் கரைய ஆரம்பித்துவிடும். அதாவது, மாலையில் சுட்டுவிட்டு அப்படியே சாத்தி வைத்த ரைபிளின் குழலுக்குள் விடிவதற்குள் உப்புத்தண்ணீர் ஊறிவிடும். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் தோட்டங்களையும் வெள்ளீயச் சுரங்கங்களையும் காத்தவர்கள் தூக்கிய .303 ரைபிள்களுக்கு இதுவே தீராத தொல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்தால் தீராது, உப்பு எண்ணெயில் கரையாது. குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தில் இது அன்றாடக் கடமை.

1920களில் வந்த ஈய ஸ்டிஃப்னேட் கலவை மெல்லப் பரவியபின் துரு பெருமளவு ஒழிந்தது. ஆனால் இன்னொரு தொல்லை பிறந்தது. ஒவ்வொரு சூட்டிலும் நுண்ணிய ஈயத்துகள் காற்றில் கலக்கிறது. மூடிய அரங்குகளில் காற்றோட்டம் கட்டாயமானதும், சுட்டு முடித்துக் கைகழுவாமல் சாப்பிடாதே என்று சொல்லிக்கொடுப்பதும், ஈயமில்லாத பிரைமர்களைத் தேடி வேதியியலார் உழைப்பதும் அதனால்தான். அதே துகள் குற்றவியலுக்கு உதவுகிறது. ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே நுண்ணுருண்டையில் சேர்ந்திருப்பது இயற்கையில் அரிது. சந்தேக நபரின் கையிலிருந்து ஒற்றியெடுத்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, துப்பாக்கி சுட்ட இடத்தில் அந்தக் கை இருந்திருக்கக்கூடும் என்று சொல்ல முடிகிறது.

சட்டமும் ஆசையும் பெற்ற தோட்டாக்கள்

தோட்டாவின் அளவுகளைப் பல நேரங்களில் சட்டமே தீர்மானித்திருக்கிறது. ராணுவத் தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டுப்பாடு இருந்ததால் .303க்குப் பதிலாக .315 வழக்கத்துக்கு வந்தது, உரிமம் பெற்ற .315 ரைபிள்கள் இந்தியக் கிராமங்களில் இன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் இதே போன்ற தடை. அங்கிருந்தவர்கள் .303 கூட்டின் கழுத்தைச் சுருக்கி, சிறிய குண்டைப் பொருத்தி .303/25 என்று ஒன்றை உண்டாக்கினார்கள்.

இப்படி எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லாமல், இருக்கும் கூட்டை மாற்றி ஆர்வலர்கள் தாமே வடிவமைப்பதை ‘வைல்ட்கேட்’ என்பார்கள். சில பின்னாளில் ஊரறியும் சரக்காகவும் ஆயின. ஆர்வலர்களின் பட்டறைகளில் பல ஆண்டுகள் உலவிய .22-250ஐ ரெமிங்டன் கம்பெனி 1965இல் கடைக்குக் கொண்டுவந்தது; .25-06 1969இல் வந்தது.

இந்தத் தோட்டாக்கள்தாம் பிரைமர் நோயறிதலுக்கு நல்ல பள்ளிக்கூடம். பொதுத்தரம் என்று ஒன்று இல்லாததால், எது தவறினாலும் பழி பிரைமர்மேல் விழும். “இந்தப் பெட்டி முழுக்க மோசம், வேறு கம்பெனி வாங்கு” என்று முடித்துவிடுவார்கள். வேறு பிரைமர் போட்டதும் சில சமயம் வெடித்தும்விடும். அங்கேதான் ஏமாற்று இருக்கிறது.

கழுத்து சுருங்கிய தோட்டாவில், கூட்டின் தோள்தான் அதைத் துப்பாக்கி அறைக்குள் தடுத்து நிறுத்துகிறது. வடிவம் மாற்றும்போது தோள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம் பின்னுக்குப் போய்விட்டால் தோட்டா அறைக்குள் ஆடும். ஊசி வந்து அடிக்கும்போது அடியின் வேகத்தில் ஒரு பங்கு பிரைமரை நசுக்காமல் தோட்டாவை முன்னே தள்ளுவதில் போய்விடும். கிண்ணத்தில் விழும் குழி மேலோட்டமாக இருக்கும், வெடிக்காது. மெல்லிய கிண்ணம் உள்ள வேறு பிரைமர் அதே அரைகுறை அடிக்கும் வெடித்துவிடும். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் கூடு இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தோன்றும்; ஒருநாள் அங்கேயே அறுந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

குழியைப் படிப்பது

ஆகவே அனுபவசாலிகள் சுடாத தோட்டாவின் பின்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். குழி ஆழமாகவும் நடுவிலும் இருந்து வெடிக்கவில்லையா? அப்போது பிரைமரையே சந்தேகிக்கலாம்: ஈரம், எண்ணெய், முதுமை. குழி ஆழமில்லையா? ஊசியின் சுருள்வில் களைத்திருக்கலாம், ஊசிக்குழியில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம், தோட்டா அறைக்குள் ஆடியிருக்கலாம். குழி ஓரமாக விழுந்திருந்தால் ஊசியும் தோட்டாவும் நேர்கோட்டில் இல்லை. முதல் அடிக்கு வெடிக்காதது இரண்டாம் அடிக்கு வெடித்தால், பிரைமர் தன் குழியின் அடிவரை உட்காராமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் அடி அதை உட்கார வைத்தது, இரண்டாவது வெடிக்க வைத்தது.

வெடித்த பிரைமரும் பேசும். அதன் விளிம்பு தட்டையாகப் பரந்திருந்தால் அழுத்தம் அளவு மீறிவிட்டது என்று உடனே சொல்வார்கள். பெரிய ரைபிளில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 4,000 மடங்கு வரை போகும். மீறினால் துப்பாக்கியே சிதறும். ஆனால் ஆடும் தோட்டாவிலும் பிரைமர் முதலில் பின்னுக்கு வந்து, பிறகு கூடு பின்னோக்கி மோதும்போது தட்டையாகிவிடும். ஒரே அறிகுறி, இரண்டு நோய். கூட்டையும் அறையையும் அளக்காமல் மருந்தளவைக் குறைத்தால் இரண்டாவது நோய் தீராது.

இன்னும் பொல்லாதது அரைகுறைச் சத்தம். மருந்து சரியாகப் பற்றாவிட்டாலும் பிரைமரின் உதையே குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளிச் செருகிவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். விசையை அழுத்தியும் சத்தமே வரவில்லை என்றால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதற்காகக் குறைந்தது அரை நிமிடமாவது குழலை இலக்கின் பக்கமே வைத்திருக்க வேண்டும். குறிசுடும் அரங்குகளில் பயிற்சியின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

பூச்சோங்கில் ஏன் இதைப் பேச வேண்டும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் வாழும் பூச்சோங்கில் யாரும் வீட்டில் தோட்டா நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டு சட்டம், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. இந்த மண்ணில் தோட்டாவின் கனத்தை நம்மவர்கள் நேரிலேயே அறிந்தவர்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ.கணபதி கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இன்று தோட்டா செய்யும் பணி பத்து ஆராங்கில் உள்ள ஆலையின் பொறுப்பு. சுடும் விளையாட்டு சுபாங் தேசிய அரங்கு போன்ற இடங்களின் பொறுப்பு.

ஆனாலும் தோட்டா நம் காலடியில் வந்து சேரக்கூடும். பூச்சோங், கின்ராரா, காசல்பீல்டு எல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்க்காடும் வெள்ளீயக்குட்டையுமாக இருந்த பூமி. ஜப்பானியர் காலமும் அவசரகாலமும் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து போயின. தமான் எனும் குடியிருப்புகள் எழும்ப மண்ணைத் தோண்டும்போதும், தாத்தாவின் பழைய பெட்டியைத் திறக்கும்போதும் பச்சை படிந்த தோட்டா ஒன்று தட்டுப்படலாம். “எழுபது வருஷம் ஆச்சு, செத்துப்போயிருக்கும்” என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய தோட்டா வலுவிழக்கலாம், வெடிக்காமலும் போகலாம்; எது அப்படிப்பட்டது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த இடத்தில் இருந்த பிரைமர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் முதல் அடியிலேயே வெடிக்கும். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம், சூடுகாட்ட வேண்டாம், பையில் போட்டுக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுற்றியிருப்பவர்களை விலக்கி, 999ஐ அழையுங்கள். அந்தச் சின்னக் கிண்ணத்தைப் படிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடம் விடுவதே அறிவுடைமை.