கணக்குத் தாளில் பழைய தொகை நிற்கிறதா?
(வானொலிப் பேச்சு)

உரக் கணக்கு, பங்குக் கணக்கை எல்லாம் இப்போது பல உழவர் குழுக்கள் கம்ப்யூட்டரிலே, எக்செல் தாளில் போடுகின்றன. அதிலே ஒரு சங்கதியைக் கவனிக்கணும்.

ஒரு குழு 40 மூட்டை டி.ஏ.பி. வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் மூட்டைக்கு 1,200 ரூபாய் என்று பழைய விலை, மொத்தம் 48,000. விலையை 1,350 என்று திருத்துகிறீர்கள். மொத்தம் 54,000 ஆகணும். ஆகாமல் 48,000-லேயே நின்று, அதை அச்செடுத்துப் பணம் பிரித்தால், 6,000 ரூபாய்க்கு யார் பதில் சொல்வது?

ஏன் நிற்கிறது? தலைமடையைத் திறந்தால் எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று நீர்க்கட்டிக்குத் தெரியும் இல்லையா? அந்த மாதிரி, எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தை நம்பியிருக்கிறது என்று எக்செல் தெரிந்து வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் எண் மாறியதும் அதை நம்பிய கட்டங்கள், அவற்றை நம்பிய கட்டங்கள் என்று கடைமடை வரைக்கும் உள்ளுக்குள்ளே அடையாளம் போடும். 'அழுக்கு' என்பது கம்ப்யூட்டர்காரர்கள் அதற்கு வைத்த பேர். பிறகு அழுக்கானதை மட்டும் திரும்பப் போட்டு, அடையாளத்தை அழித்துவிடும். தாள் முழுவதையும் போட வேண்டியதில்லை.

வழக்கமாக இது தானாகவே நடக்கும். பெரிய தாள் வைத்திருப்பவர்கள் தாமதம் பொறுக்காமல் 'மேனுவல்' என்று மாற்றி வைப்பார்கள். அப்போது அடையாளம் விழும், கணக்கு நடக்காது. திரையின் அடியிலே 'கால்குலேட்' என்று ஒரு சின்ன வார்த்தை மட்டும் தெரியும். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 கூட இப்படித்தான் அடியில் 'கால்க்' என்று காட்டியது. அது கண்ணில் பட்டால் எஃப்-9 பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள், சரியாகிவிடும்.

'நாங்க மேனுவலைத் தொடவே இல்லையே' என்பீர்கள். இதுதான் பெரிய வம்பு! முதலில் திறக்கிற தாள் மேனுவலில் இருந்தால், அதற்குப் பின்னால் திறக்கிற உங்கள் தாளும் மேனுவலிலேயே ஓடும். அடுத்தவர் அனுப்பிய தாளிலிருந்து இப்படி ஒட்டிக்கொள்வது உண்டு. 'பார்முலாஸ்' பகுதியில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மொத்தத்தை யாராவது கையாலே 48,000 என்று அடித்து வைத்திருந்தால் அடையாளமும் விழாது, எஃப்-9-க்கும் அசையாது. அந்தக் கட்டத்தில் நின்று மேலே உள்ள பட்டையைப் பாருங்கள். சமக்குறியில் ஆரம்பித்தால் பார்முலா. வெறும் எண் நின்றால் அதை அழித்துவிட்டு பார்முலாவைப் போடுங்கள்.