ஏற்காட்டில் ஓர் அந்திப்பொழுது

ஏற்காடு போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். ஏரியில் இருந்து சுமார் 2 கிலோமீட்டரில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனை. மாலையில் அங்கே நின்றால் வானம் சிவந்து மங்க, கீழே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு சேலம் நகரம் முழுக்க விளக்கேற்றிக்கொள்ளும். மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் எதிரில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார்.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம். 5,326 அடி உயர உச்சி. கோபுரம் தேடாதீர்கள், குனிந்து நுழைய வேண்டிய குகைதான் கருவறை. உள்ளே பாறை ஈரம் கசியும். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும். தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வங்கள் இவர்கள். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே திரளும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்தார் என்பதைப் பலரும் சொல்வார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலை இம்மக்களின் ஊர்.

சேலத்தில் இருந்து வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தி பார்த்துவிட்டு இறங்கும் ஓட்டுநர்களே, மேலேறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடுங்கள்.