மூன்று டிஸ்க்கும் ஒரு பாட்டும்

கோலாலம்பூர் சாலாக் செலாத்தான் எல்ஆர்டி நிலையத்தைச் சுற்றியிருக்கும் அடுக்குமாடிகளிலும், பிரிக்பீல்ட்ஸ் கடைவீடுகளின் மாடியிலும், கிள்ளான் தாமான்களின் பின்னறைகளிலும் இன்று தமிழ்ப் பாட்டு தயாராகிறது. சுவரில் நுரைப்பஞ்சு ஒட்டிய ஓர் அறை, ஒரு மைக், ஒரு கணினி, ஒரு ஜோடி ஸ்பீக்கர். கணினிக்குள் பெரும்பாலும் மூன்று டிரைவ் இருக்கும். முதலாவதில் விண்டோஸும் கியூபேஸ் அல்லது எப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளும். இரண்டாவதில் பாட்டு வேலை. மூன்றாவதில் சாம்பிள்: தவில், உறுமி, நாதஸ்வரம், ஒரு வயலின் பட்டாளம். ஏன் மூன்று என்று கேட்டுப் பாருங்கள். "அப்படித்தாண்ணே வைக்கணும், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் வெச்சிருந்தார்" என்று பதில் வரும். சொல்லிக்கொடுத்தவரைக் கேட்டால் அவரும் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

அந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் கறாரான காரணம் இருந்தது. அது செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் மூன்று டிரைவ் வைப்பவர் செய்வது சரிதான் என்பது என் கட்சி. காரணம் மட்டும் வேறு.

முதலில் டேப். 24 டிராக் ஓடும் இரண்டங்குல டேப்பில் ஒரு ரீல் 2500 அடி. வினாடிக்கு 30 அங்குலம் ஓட்டினால் 16 நிமிடம் 40 வினாடியில் ரீல் தீர்ந்துவிடும். நாலு நிமிடப் பாட்டு நாலுதான் கொள்ளும். டேப் விலை அதிகம் என்பதால் உலகம் முழுதும் ஸ்டூடியோக்களும் ஒலிபரப்பு நிலையங்களும் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தன. மிக்ஸ் முடிந்து ஸ்டீரியோ மாஸ்டர் கைக்கு வந்ததும் பாட்டு முடிந்த கதை. பிறகு அது வானொலியில் ஒலிக்கும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் கேசட்டாக விற்கும். குரல் தனியாக, தபேலா தனியாக இருந்த அந்த 24 டிராக் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அந்த டேப் பெட்டிக்குள் இன்று பெரும்பாலான டிரைவ்களில் காணக் கிடைக்காத ஒன்று இருந்தது: டிராக் ஷீட். எந்த டிராக்கில் என்ன, யார் வாசித்தது, எந்த மைக், எந்தத் தேதி, எத்தனையாவது டேக் நல்லது என்றெல்லாம் பென்சிலால் கட்டம் கட்டி எழுதிய ஒற்றைத் தாள். எழுதியது ஸ்டூடியோ என்ஜினியர். பாடியவருக்கோ இசையமைப்பாளருக்கோ அந்த வேலை கிடையாது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் அலிசிஸ் நிறுவனத்தின் ஏடாட் வந்தது. எஸ்விஎச்எஸ் வீடியோ கேசட்டில் 8 டிராக், சுமார் 40 நிமிடம். மூன்று மெஷினைக் கோத்தால் 24 டிராக். பெரிய ஸ்டூடியோவின் பக்கமே போக முடியாத கையிருப்பு உள்ளவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. கீபோர்டு பக்கம் அடாரி கணினியும் பிளாப்பியும். மிடி என்பது எந்த நோட்டை எப்போது அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டும்தான். ஒரு முழுப் பாட்டுக்கும் சில கேபி போதும். அதனால் 720 கேபி பிளாப்பி ஒன்றில் ஓர் ஆல்பமே அடங்கிவிடும். பதிந்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளரின் பிளாப்பியில் நிலைமை தலைகீழ். 16 பிட் மோனோ ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 88 கேபி தின்னும் என்றால் ஒன்றரை எம்பி பிளாப்பியில் 17 வினாடி. ஓர் உறுமி இழுப்பு, நாலு தவில் அடி, இரண்டு கைத்தட்டல், அவ்வளவுதான். மேலே வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் பெயர் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தார்கள்.

மூன்று டிஸ்க் வழக்கம் பிறந்தது இதற்கு அடுத்த கட்டத்தில். கணினி உதிரிப்பாகத்துக்கு இம்பி பிளாசாவுக்கு நடந்த காலம். 1999இல் புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசா திறந்ததும் கூட்டம் அங்கே நகர்ந்தது. பொயட்டிக் அம்மோ ராப் குழுவின் முதல் ஆல்பம் 1998இல் வெளிவந்திருந்தது; பிரிக்பீல்ட்ஸ் பையன்களுக்கு நாமும் செய்யலாமே என்று கை அரித்தது. ஹார்ட் டிஸ்க் என்றால் அன்று 4 ஜிபி, 6 ஜிபி. அகலமான சாம்பல் நிற ஐடிஇ கேபிள், ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க். டிஸ்க்கின் பின்பக்கம் அரிசிப் பருமன் ஜம்பர் ஒன்று இருக்கும். அதை மாஸ்டர் கம்பியில் குத்தவேண்டும், இல்லையென்றால் ஸ்லேவ் கம்பியில். இரண்டு டிஸ்க்கையும் மாஸ்டராகவே விட்டுவிட்டால் கணினி எதையும் கண்டுகொள்ளாது. ஜம்பர் கைதவறிக் கார்பெட்டில் விழுந்தால் அன்றைய ரெக்கார்டிங் அதைத் தேடுவதிலேயே போகும்.

டிஸ்க்கை ஏன் பிரித்தார்கள் என்றால், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் வினாடிக்கு 144 கேபி கேட்கிறது. 24 டிராக் சேர்ந்தாலும் மூன்றரை எம்பி. அந்த அளவை அன்றைய டிஸ்க்கே வரிசையாகப் படித்துக் கொடுத்துவிடும். சிக்கல் அளவில் இல்லை, ஓட்டத்தில். ஒவ்வொரு டிராக்கும் தட்டின் வெவ்வேறு இடத்தில் கிடக்கிறது. படிக்கும் முள் ஒன்றுதான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ அதற்கு 9, 10 மில்லிவினாடி. ஞாயிறு காலை மாமாக் கடையில் எல்லா மேசைக்கும் ஒரே ஆள் ஓடுவதுபோல் அது ஓடும். நடுவில் விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு அதே முள்ளைக் கூப்பிட்டால் பாட்டு விக்கும், திரையில் எச்சரிக்கை வரும், பாடகர் மறுபடி முதலிலிருந்து பாடுவார். ஆகவே விண்டோஸுக்கு ஒரு டிஸ்க், ஆடியோவுக்கு ஒரு டிஸ்க். 1998இல் ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் வந்து, சாம்பிளை நினைவகத்தில் முழுதாக ஏற்றாமல் வாசிக்கும்போதே டிஸ்க்கிலிருந்து இழுக்கலாம் என்று காட்டியது. ஒரு பியானோ மட்டும் 1 ஜிபிக்கு வீங்கியது. அந்த ஓட்டத்துக்கு மூன்றாவது டிஸ்க். கணக்கு இவ்வளவுதான், இதில் சாஸ்திரம் எதுவும் இல்லை.

2006இல் யோகி பி அண்ட் நட்சத்திரா ராப் குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்து தமிழ்நாடுவரை பேசப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டு ஸ்டூடியோக்கள் பெருகின. பாட்டு ஆளுக்கு ஆள் கைமாறியது சிடியில், பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், பிறகு பென்டிரைவில். கூடவே ஏடாட் காலத்தில் இல்லாத ஒரு நோய் வந்தது. நேற்று 'இ' என்று இருந்த டிஸ்க், யாரோ கோயில் திருவிழாப் பாட்டோடு ஒரு பென்டிரைவைச் செருகியதால் இன்று 'எஃப்' ஆகிவிடும். கியூபேஸைத் திறந்தால் கோப்புகளைக் காணவில்லை என்று நீளமான பட்டியல். எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கணினி வேறு வாசலில் நின்று தேடுகிறது. தீர்வு சின்னது: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் சாம்பிள் டிரைவுக்கு 'எஸ்', வேலை டிரைவுக்கு 'பி' என்று அகரவரிசையின் பின்பக்கத்து எழுத்துகளை நிலையாகக் கொடுத்துவிடுவது. டி, இ, எஃப் என்று வரிசையில் முன்னால் நிற்கும் எழுத்துகளை வந்துபோகும் பென்டிரைவ்கள் பிடித்துக்கொள்ளட்டும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் கோப்பைத் தேடிக் காட்டுகிறவர்கள் இன்றும் நிறைய.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. சுழலும் தட்டு இல்லை, தாவும் முள் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 500 எம்பிக்கு மேல், என்விஎம்இ என்றால் ஆயிரக்கணக்கில். நூறு டிராக் ஓட்டினாலும் கேட்பது 14, 15 எம்பி. அதாவது, வேகத்துக்காக டிரைவைப் பிரித்த காரணம் அன்றோடு முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே 2 டிபி என்விஎம்இயில் போட்டாலும் பாட்டு விக்காது.

விக்காமல் ஓடட்டும், பாட்டு தப்பிக்க வேண்டுமே. ஒரு வீட்டு ஸ்டூடியோவில் எது போனால் திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துப் பாருங்கள். விண்டோஸ் கெட்டால் அரைநாள் வேலை, திரும்ப ஏற்றலாம். சாம்பிள் நூலகத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். 300 ஜிபி இறங்க ஒன்றிரண்டு நாள், அவ்வளவே. காசு கொடுக்காமல் வாங்கியவர் பாடு அவர் பாடு. ஆனால் ஒரு பாட்டி தாலாட்டிய டேக், பத்து உறுமிக்காரர்கள் ஒரே நாளில் கூடி வாசித்த வாசிப்பு, அதை எங்கிருந்தும் இறக்க முடியாது. ஆக பிரிப்பது வேகத்தை வைத்தல்ல, இழப்பை வைத்து. முதல் டிரைவுக்கும் மூன்றாவதுக்கும் நகல் எடுக்காவிட்டாலும் குடி முழுகாது. இரண்டாவது டிரைவுக்கு நகல் இரண்டு வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 முறையும் இதையே சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்.

வெளியிடம் என்பது இங்கே வெறும் பேச்சில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி சா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கீழ்த்தளத்தை மூழ்கடித்தபோது கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். வெள்ளம் வராத இடத்தில் மாலை இடி வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குவார்கள். செருகியபடியே கிடக்கும் பேக்கப் டிஸ்க்கும் கணினியோடு சேர்ந்து மின்னலுக்கு இரையாகலாம் என்பது அவர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. நகல் எடுத்ததும் கழற்றி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, சிரம்பானில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரிக்கு அனுப்பிவிடுவது கிளவுட் எனும் மேகச் சேமிப்பில் மாதச் சந்தா கட்டுவதைவிட மலிவு. இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. மேகத்தை மட்டும் நம்பியவர்களுக்கு மைஸ்பேஸ் கதை தெரிந்திருக்கும்: சர்வர் மாற்றத்தின்போது 2016க்கு முன் பயனர்கள் ஏற்றிய பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று 2019இல் தெரியவந்தது. பெயர் தெரியாத எத்தனையோ பாடகர்களின் ஒரே பிரதி அங்கேதான் இருந்தது.

இனி டிராக் ஷீட்டுக்கு வருகிறேன். இன்றைய வேலை டிரைவைத் திறந்தால் என்ன தெரிகிறது? 'பைனல்', 'பைனல் 2', 'பைனல் அண்ணன் ஓகே சொன்னது', 'பைனல் அண்ணன் மறுபடி மாத்தினது'. உள்ளே போனால் 'ஆடியோ 01_37'. இது குரலா, கஞ்சிராவா, பக்கத்து வீட்டு நாயா, போட்டுக் கேட்டால்தான் தெரியும். அன்று இடம் இல்லை, ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு முடிவு எடுத்தார்கள். இன்று இடம் கொட்டிக் கிடக்கிறது, 37 டேக்கையும் வைத்துக்கொண்டு முடிவைத் தள்ளிப்போடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒழுங்கான ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே போல்டர் வைக்கிறார். பெயர் இப்படி: ஆண்டு-மாதம்-தேதி, பாட்டின் முதல் இரண்டு சொல், வேகம், சுருதி. ஆண்டு முன்னால் இருப்பதால் கணினியே காலவரிசையில் அடுக்கிவிடுகிறது. உள்ளே ஐந்து போல்டர், கூடவே ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. அதில் எழுதியவர், இசை, பாடியவர், தவில் வாசித்தவர், எந்த நாள், யாருக்கு எவ்வளவு கொடுத்தாயிற்று. "எம்ஏசிபியில (இசைப் படைப்பாளர் காப்புரிமை அமைப்பு) பதியறப்போ இதைப் பார்த்துத்தான் எழுதுவேன், இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு யாருக்கு எத்தனை பங்குன்னு மச்சானுக்கும் மச்சானுக்கும் சண்டை வரும்" என்கிறார். பென்சில் கட்டம் மறுபடி வந்துவிட்டது, இந்த முறை என்ஜினியர் சம்பளம் இல்லாமல்.

ஐந்து போல்டரில் கடைசி போல்டரைத்தான் நான் மெச்சுகிறேன். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நொடியிலிருந்து கடைசிவரை தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து அதில் போடுகிறார். கியூபேஸ் கோப்பு பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். பிளக்-இன் மென்பொருள் செய்த நிறுவனம் மூடிவிடும், லைசென்ஸ் காலாவதியாகும். 2019இல் மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருளை ஒரேயடியாகக் கைவிட்டபோது பழைய பாட்டு வேலைகள் பல ஊமையாயின. வேவ் 1991இலிருந்து இருக்கிறது, எல்லா மென்பொருளும் படிக்கும். நாலு நிமிடம், 40 டிராக் என்றால் 1.4 ஜிபி. இன்றைய விலையில் அது ஒரு தே தாரிக் காசுகூட ஆகாது.

பழையவற்றின் நிலைமைதான் வேடிக்கை. ரீல் டேப்பில் சில வகைகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும், நம் ஊர்க் காற்று அதற்குத் தோதானது. ஆனாலும் 50 டிகிரிக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் சூடுகாட்டினால் ஒரு முறை ஓட்டி நகல் எடுக்குமளவுக்குப் பலவும் தேறிவிடும். ஏடாட் கேசட்டுக்கு ஓடும் நிலையில் ஒரு மெஷின் வேண்டும், அவை குறைந்துகொண்டே வருகின்றன. எல்லாவற்றிலும் மோசம் அன்று நவீனம் என்று நம்பிய ஹார்ட் டிஸ்க். இசை நிறுவனங்களின் பெட்டகங்களைக் காக்கும் அயர்ன் மவுன்டன் நிறுவனம், தன்னிடம் வந்த 1990களின் டிஸ்க்குகளில் ஐந்தில் ஒன்றை அறவே படிக்க முடியவில்லை என்று 2024இல் சொன்னது.  மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் டிராயரில் போட்டால் எஸ்எஸ்டியும் நம்பகமானதல்ல.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யார் வீட்டிலாவது பழைய ஐடிஇ டிஸ்க் கிடந்தால், யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறது, விலையும் பெரிதில்லை. மின்சார வயர் தனியாக உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும், பெரிய டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரம் போதாது. ஜம்பரை மாஸ்டரில் வைத்து, சுழலும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்து, கேட்டால் வேறெதையும் திறந்து ரசித்துக்கொண்டிருக்காமல் முதலில் மொத்தத்தையும் நகல் எடுத்துவிட வேண்டும். டக் டக் என்று தட்டினால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொடுப்பது உத்தமம்.