சிறுநீரகங்களைக் காக்கும் மருந்து

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், புண்களுக்குக் கட்டும் மருத்துவத்துணி மிகுதியாக நெய்யப்படுகிறது. கண்கள் விட்டு நெய்த மெல்லிய துணி அது. அதனை மடித்து நீரை மெல்ல ஊற்றினால் தூசு மேலே தங்கும். தெளிந்த நீர் கீழே இறங்கும். விசையுடன் கொட்டினாலோ இழைகள் விலகும், தங்கவேண்டியவையும் ஒழுகிவிடும். நம் சிறுநீரகங்களின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே.

அவரை விதை வடிவினவாகிய இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. நாள்தோறும் ஏறக்குறைய 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிகிறது. ஒன்றரை லிட்டரளவே சிறுநீராகக் கழிய, எஞ்சியது மீண்டும் குருதியை அடைகிறது. நீரிழிவும் குருதிக்கொதிப்பும் நெடுநாள் நீடிப்பின் வடிகட்டிகளுள் அழுத்தம் மிகும், கண்கள் விரியும், குருதியில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கலக்கும். அங்கே அழற்சி தோன்றி, நாளடைவில் தழும்பாக இறுகும். கொடுமை யாதெனின், இத்தனை நிகழினும் நோயாளிக்கு நோவே தெரியாது.

இவ்வழுத்தத்தைத் தணிப்பது எங்ஙனம்? திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாய்களைக் கண்ட மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நீர் மிகும்போது மறுகால் வழியே வெளியேற்றுவர். அன்றி, வரத்துக்காலைச் சுருக்குவர். மருந்துகளும் இவ்விரண்டையே செய்கின்றன. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகக் காப்டோப்ரில் என்னும் மருந்து உருவாகி, 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது வடிகட்டியினின்று குருதி வெளிச்செல்லும் குழலை அகலச்செய்யும். நீரிழிவால் கெடும் சிறுநீரகத்தை அது காப்பதை 1993ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நிறுவிற்று. உயிர் பறிக்கும் நஞ்சே மருந்துக்கு வழிகாட்டியது வியப்பன்றோ! பின்னர் வந்த டாபாகிளிஃப்ளோசின் போன்றவை பெரும்பாலும் உட்செல்லும் குழலைச் சுருக்குவன. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளர்க்கும் அது பயன்தருவது 2020இல் தெளிவாயிற்று. உடலின் எதிர்ப்பாற்றலே வடிகட்டியைத் தாக்கும் அழற்சிகளுக்குப் பிரட்னிசோலோன் முதலிய வேறு மருந்துகள் உண்டு.

மருந்து இருந்தால் மட்டும் போதுமா? ஏழைக்கு எட்டவேண்டுமே! சென்னை மருத்துவர் எம். கே. மணி, சிறுநீரக உதவி அறக்கட்டளை வாயிலாகச் சிற்றூர் மக்களின் சிறுநீரையும் குருதியழுத்தத்தையும் சோதிக்கச் செய்து, விலை மலிந்த மாத்திரைகளையே வழங்கினார். தலைக்கு ஆகும் செலவு மிகச் சிறிதென 2003ஆம் ஆண்டளவில் அவர் எடுத்துக்காட்டினார். 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, குருதிக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது.

இனி, கேடு செய்யும் மாத்திரையும் உண்டு. ஆலையிலும் வயலிலும் வியர்வை சிந்தி உழைப்போர், உடல்வலிக்கெனக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகின்றனர். உட்செல்லும் குழலை விரித்துவைக்கும் பொருளை அது தடுத்துவிடும். நீர் வற்றிய உடலில், வரத்து நின்ற கண்மாய்போல வடிகட்டிகள் குருதியின்றி வாடும். வாந்தி, வயிற்றுப்போக்குக் கண்ட நாள்களில் மேலே கூறிய காக்கும் மருந்துகளையும் சிறிது நிறுத்திவைக்க நேரலாம். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.