அப்டேட் போட்டதும் லேப்டாப் ஆன் ஆகலையா? ஃபார்மட் பண்ண கொடுக்கும் முன் இந்த ஒரு வரியைப் பாருங்க!

வெண்ணந்தூர் பக்கம் ஒரு தறி வீடு என்று வைத்துக்கொள்வோம். பாவு எத்தனை இறங்கியது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்ற நாலு வருஷக் கணக்கு முழுக்க ஒரு பழைய லேப்டாப்பில் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ். லீவுக்கு வந்த காலேஜ் பையன், "மாமா, இது ரொம்ப பழைய வெர்ஷன், அப்டேட் போட்டுத் தர்றேன்" என்று உட்கார்கிறான். எல்லாம் நல்லபடியாக முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. கறுப்புத் திரையில் ரெண்டே வரி இங்கிலீஷ், அதோடு நின்றுவிட்டது. கடையில் காட்டினால், "ஹார்ட் டிஸ்க் போச்சுங்க, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்கிறார்கள்.

அவசரப்படாதீங்க. ஃபார்மட் செய்தால்தான் அந்தக் கணக்கு போகும். இப்போதைக்கு அது பத்திரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் திரையில் வந்த வரியை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது பழுது என்று அந்த வரியே சொல்லும்.

அந்த வரி என்ன சொல்கிறது?

"இந்த கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஆனால் இங்கே இருப்பது ஐ686 சிபியு மட்டுமே" என்ற பொருளில் இங்கிலீஷில் வரி வந்தால், டிஸ்க் மேல் எந்தக் குற்றமும் இல்லை. 32 பிட் பிராசசரில் 64 பிட் கெர்னலை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்கரு. பிராசசர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றிடமும் நேரடியாகப் பேசுவது அதுதான். மற்ற எந்த புரோகிராமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எனவே பிராசசரின் பாஷை தெரியாத கெர்னல் வந்து உட்கார்ந்தால் மெஷின் முதல் படியிலேயே நின்றுவிடும்.

நெசவு தெரிந்தவர்களுக்கு ஈசியாகப் புரியும். அகலத் தறியில் துண்டும் நெய்யலாம், வேட்டியும் நெய்யலாம். துண்டுத் தறியில் வேட்டி நெய்ய முடியாது. இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களிலும் இதே கதைதான். 64 பிட் பிராசசரில் 32 பிட் கெர்னலும் ஓடும். 32 பிட் பிராசசரில் 64 பிட் கெர்னல் ஓடவே ஓடாது.

இப்போ ஏன் இந்தப் பிரச்சனை?

டெபியன் 13 வெர்ஷன் 2025 ஆகஸ்ட் 9-ம் தேதி வெளியானது. அதில் 32 பிட் இன்டெல் மெஷின்களுக்கான கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. "32 பிட் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் இதற்கு அப்கிரேட் செய்ய வேண்டாம்" என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். யார் அதைப் படிக்கிறார்கள்? உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாம் இதற்குப் பல வருஷம் முன்பே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டன.

தமிழ்நாட்டு வீடுகளில் லினக்ஸ் நுழைந்த முக்கியமான வழி விலையில்லா லேப்டாப் திட்டம். 2011 செப்டம்பர் 15-ம் தேதி அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய இந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நல்ல செய்தி: 2011-க்குப் பிறகு வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் பிராசசர் 64 பிட்தான். உள்ளே போட்டிருக்கும் சிஸ்டம் 32 பிட்டாக இருந்தாலும் பிராசசர் தாங்கும். சிக்கல் வருவது அதைவிடப் பழைய செகண்ட் ஹேண்ட் மெஷின்களில்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. 2006-ல் வந்த இன்டெல் 'கோர் டியோ' 32 பிட். அதே வருஷம் வந்த 'கோர் 2 டியோ' 64 பிட். நடுவில் ஒரு '2' மட்டும்தான் வித்தியாசம்! குட்டி நெட்புக்குகளில் இருந்த 'ஆட்டம் என்270' 32 பிட், 2010-ல் வந்த 'ஆட்டம் என்450' 64 பிட்.

நம்ம பையன் எங்கே தப்பு பண்ணினான்?

பொதுவாக நடப்பது இதுதான். 32 பிட் சிஸ்டத்தில் டெபியன் 13-க்கு அப்கிரேட் போட்டால் மற்ற புரோகிராம்கள் புதுசாகிவிடும், கெர்னல் மட்டும் பழசாகவே நிற்கும். ஏனென்றால் புது கெர்னல் அங்கே இல்லவே இல்லை. மெஷின் ஓடும், ஆனால் கெர்னலுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்கள் இணையத்தில் தேடி, பெயரில் 'ஏஎம்டி64' என்று இருக்கும் கெர்னலைத் தனியாக இறக்கிப் போடுகிறார்கள். பிராசசர் 64 பிட் என்றால் தப்பித்தோம். இல்லையென்றால் கறுப்புத் திரைதான்.

இந்தப் பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஏஎம்டி64 என்றால் ஏஎம்டி கம்பெனி மெஷினுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 64 பிட் எக்ஸ்86 பிராசசரை 2003-ல் முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்டெல் லேப்டாப்புக்கும் அதே ஃபைல்தான். ஆனால் 'ஏஆர்எம்64' என்பது வேறு. செல்போன், ராஸ்பெர்ரி பை மாதிரியானவற்றில் உள்ள பிராசசருக்கானது அது. இங்கிலீஷில் ரெண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், டவுன்லோட் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்க.

சரி, எப்படி மீட்பது?

லேப்டாப்பை ஆன் செய்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். புது மாடலாக இருந்தால் எஸ்கேப் கீயை ஒரு தட்டு தட்டுங்கள். 'கிரப்' மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் பழைய கெர்னல்களின் பட்டியல் இருக்கும். புது கெர்னல் போடும்போது பழையதைச் சிஸ்டம் உடனே அழித்துவிடுவதில்லை, இந்த மாதிரி நேரத்துக்காகவே வைத்திருக்கிறது. பெயரில் '686' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மெஷின் எழுந்துவிடும்.

எழுந்ததும் முதல் வேலை, கணக்கு ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுப்பது. ரிப்பேர் அதற்கு அப்புறம்தான்!

அடுத்து டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்சிபியு' என்று டைப் செய்யுங்கள். தமிழில் சொல்கிறோம், டைப் செய்வது இங்கிலீஷ் சின்ன எழுத்தில். 'சிபியு ஆப்-மோட்' என்ற வரியில் 32 பிட், 64 பிட் ரெண்டும் இருந்தால் உங்கள் பிராசசர் 64 பிட். 32 மட்டும் இருந்தால் அது 32 பிட்.

பலர் இங்கே 'யுநேம் மைனஸ் எம்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்து, ஐ686 என்று வந்ததும் பிராசசரே 32 பிட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. அந்தக் கட்டளை காட்டுவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்பதை. பிராசசரின் தகுதி வேறு, ஓடும் கெர்னல் வேறு, மற்ற புரோகிராம்கள் எந்த பிட்டில் இருக்கின்றன என்பது மூன்றாவது விஷயம். ராஸ்பெர்ரி பை 4 வைத்திருந்தவர்கள் 2023-ல் இதில்தான் குழம்பினார்கள். ஒரு அப்டேட்டில் கெர்னல் மட்டும் 64 பிட்டாக மாறியது, மற்றதெல்லாம் 32 பிட்டாகவே நின்றது. மெஷின் ஓடியது, ஆனால் தனியாகப் போட்ட சில டிரைவர்கள் படுத்துவிட்டன.

பிராசசர் 32 பிட் என்று உறுதியானால் 'சினாப்டிக்' திறந்து, பெயர் 'லினக்ஸ் இமேஜ்' என்று தொடங்கி 'ஏஎம்டி64' என்று முடியும் பேக்கேஜை நீக்கிவிடுங்கள். பூட் மெனு தானாகச் சரியாகும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 686 கெர்னலை மட்டும் தொட்டுவிடாதீங்க. அந்த மெஷினில் இன்டர்நெட் வேலை, பேங்க் வேலை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னும் அப்கிரேட் போடாதவர்கள் டெபியன் 12-லேயே இருங்கள். அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை.

பிராசசர் 64 பிட்டாக இருந்து சிஸ்டம் 32 பிட்டாக இருந்தால், காப்பி எடுத்துவிட்டு 64 பிட் சிஸ்டத்தைப் புதிதாகப் போடுவதே நல்லது. ஓடும் சிஸ்டத்தை அப்படியே 32-லிருந்து 64-க்கு மாற்ற வழி உண்டு, ஆனால் பாதியில் மாட்டினால் வெளியே வருவது கஷ்டம். விண்டோஸிலும் 32-லிருந்து 64-க்கு மாறப் புது இன்ஸ்டலேஷன்தான். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

பழைய கெர்னலும் எழவில்லையா? 32 பிட் லைவ் பென் டிரைவில் பூட் செய்து ஃபைல்களை எடுக்கலாம். இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, லினக்ஸ் ஓடும் வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். விண்டோஸில் மாட்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். லினக்ஸ் டிஸ்க்கை அதற்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ஓகே கொடுத்துவிடாதீங்க!

வேறு வரி வந்தால்?

'கெர்னல் பேனிக்' என்று தொடங்கி, 'ரூட்' ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று வந்தால் அது பிட் தகராறு இல்லை. பெரும்பாலும் பூட் பகுதியில் இடம் நிறைந்து, புது கெர்னலுக்கான 'இனிட்ராம்' ஃபைல் அரைகுறையாக நின்றிருக்கும். இதற்கும் பழைய கெர்னல் வழியாக உள்ளே போய், தேவையில்லாத மிகப் பழைய கெர்னல்களை நீக்கி இடம் பண்ணி, புதியதை மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும்.

கடைக்குக் கொண்டுபோனால் போட்டோவைக் காட்டி, "டேட்டாவைத் தொடாம, பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.