ஆப் எழுதப் பழக ஒரு ரெடிமேட் கம்ப்யூட்டர்

மொபைல் போனுக்கான ஆப் ஒன்றை நாமே எழுதிப் பார்க்கலாம் என ஆர்வத்துடன் தொடங்குபவர்கள், ஒரு வரி கூட எழுதும் முன்னரே சோர்ந்து விடுவதுண்டு. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ, எஸ்.டி.கே. எனப்படும் கருவித் தொகுப்பு, பிளட்டர் போன்ற கூடுதல் சாப்ட்வேர்கள் என ஒவ்வொன்றையும் இன்ஸ்டால் செய்திட வேண்டும். இவற்றின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எர்ரர் செய்திதான் கிடைக்கும்.

இதற்கு ஒரு வழி, ரெடிமேட் விர்ச்சுவல் மெஷின். உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு விண்டோவில் இயங்கும் இன்னொரு கம்ப்யூட்டர் இது. ஆப்பரேட்டிங் சிஸ்டமும் தேவையான சாப்ட்வேர்களும் பதியப்பட்டு, ஓ.வி.ஏ. என்ற துணைப் பெயருடன் ஒரே பைலாகக் கிடைக்கும். இதனுள் நீங்கள் எதையாவது தவறாக மாற்றினாலும், வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும் விண்டோஸ் கெடாது.

இதனை இயக்க ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் விண்டோஸ் டாஸ்க் மானேஜரில் பெர்பார்மன்ஸ் டேப் சென்று சி.பி.யு. பிரிவில் கிளிக் செய்திடவும். விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்டு என இருக்க வேண்டும். இல்லையேல் பயாஸ் செட்டிங்ஸ் சென்று அதனை இயக்கவும். பின்னர் விர்ச்சுவல் பாக்ஸில் பைல் மெனுவில் இம்போர்ட் அப்ளையன்ஸ் தேர்ந்தெடுத்து, ஓ.வி.ஏ. பைலைக் காட்டவும். இம்போர்ட் முடிந்தவுடன் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்கவும். ஏதேனும் பிரச்னை என்றால் அந்த நிலைக்கே திரும்பி விடலாம்.

ஆனால் இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவிற்கு மட்டும் குறைந்தது 8 ஜிபி ராம் மெமரி தேவை. எமுலேட்டருடன் என்றால் 16 ஜிபி. விர்ச்சுவல் மெஷினுக்கு 8 ஜிபி ஒதுக்கிய பின் விண்டோஸுக்கும் இடம் வேண்டுமே! எனவே உங்கள் கம்ப்யூட்டரில் மொத்தமே 8 ஜிபி தான் என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவை நேரடியாக இன்ஸ்டால் செய்வதே நல்லது.

எமுலேட்டரும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். ஒன்றுக்குள் இன்னொன்றை இயக்கினால் ஆமை வேகம்தான். சில வேளைகளில் இயங்கவே இயங்காது. இதற்குப் பதிலாக உங்கள் ஆண்ட்ராய்ட் போனையே பயன்படுத்துங்கள். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பர் மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் கிடைக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங் இயக்கி, கேபிள் மூலம் இணைக்கவும். பின் விர்ச்சுவல் பாக்ஸின் டிவைசஸ் மெனுவில், யு.எஸ்.பி. பிரிவில் போனைத் தேர்ந்தெடுக்கவும்.

டவுன்லோட் செய்யும் முன் பைல் எப்போது தயாரிக்கப்பட்டது எனப் பார்க்கவும். எக்லிப்ஸ் சாப்ட்வேருக்கான ஆண்ட்ராய்ட் கருவிகளுக்குத் தந்த ஆதரவை கூகுள் 2015 இறுதியுடன் நிறுத்திக் கொண்டது. அவற்றைக் கொண்ட பழைய பைல்களால் இன்று பயனில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐபோன் ஆப் எழுதலாம் எனத் தரப்படும் மேக் விர்ச்சுவல் மெஷின்களும் வேண்டாம். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் மட்டுமே மேக் சிஸ்டத்தை இயக்க அதன் உரிம ஒப்பந்தம் அனுமதிக்கிறது.

மிக முக்கியமான ஒன்று. இந்த மெஷினைத் தயாரித்தவர் யாரோ ஒருவர். அதன் பாஸ்வேர்ட் டவுன்லோட் செய்த அனைவருக்கும் தெரியும், உடனே மாற்றுங்கள். நம்பகமான இடத்திலிருந்து பெறாத மெஷினுக்குள் உங்கள் மெயில், பேங்க் அக்கவுண்ட்களைத் திறக்காதீர்கள். ஆப்பை வெளியிடும்போது கையொப்பமிட உதவும் கீ பைலை நீங்களே புதிதாக உருவாக்கி, அதற்கு ஒரு நகலை பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். மெஷினில் முன்பே உள்ள கீயைப் பயன்படுத்தினால், அதே கீ உள்ள வேறொருவரும் உங்கள் பெயரில் கையொப்பமிட முடியும்.

பழகிய பின், இதே சாப்ட்வேர்களை ஒருமுறை நீங்களே இன்ஸ்டால் செய்து பாருங்கள். அப்போது எர்ரர் செய்திகள் உங்களைப் பயமுறுத்தாது.